பிளே-ஆஃபில் சோபித்தாரா, சொதப்பினாரா? ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்களின் எண்களை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் மாதம் பிறந்தால் என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்) ரசிகர்களுக்குள் அதே வாக்குவாதம் தொடங்கிவிடும். "லீக் சுற்றில் கோலாகக் குவிக்கிறார், பிளே-ஆஃப் என்றால் ஆளையே காணோம்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் இல்லை, எண்ணைப் பார்" என்று இன்னொருவர் எழுந்து வருவார். பெரும்பாலும் அந்த எண் தவறான இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். (லீக் சுற்று என்பது எல்லா அணிகளும் ஆடும் வழக்கமான சீசன். பிளே-ஆஃப் என்பது அதில் தகுதி பெற்ற அணிகள் கோப்பைக்காக ஆடும் நாக்-அவுட் தொடர்கள், ஒவ்வொரு தொடரும் ஏழு ஆட்டம் வரை.)

பல வீரர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் நான். புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். அவர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் படிகளை நான் செய்யும் வரிசையிலேயே தருகிறேன். ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் வரும் விடை தவறாகிவிடும்.

தொடங்குவதற்கு முன் தேவையானவை

எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும். தனி மென்பொருள் வேண்டாம்.

தரவுக்கு என்ஹெச்எல்லின் சொந்தப் புள்ளிவிவரப் பக்கம், ஹாக்கி ரெஃபரன்ஸ் ஆகிய இரண்டும் போதுமானவை. ஐவருக்கு ஐவர் ஆட்டத்தை (கோல்கீப்பர் தவிர இரு அணியிலும் ஐந்து பேர் இருக்கும் நேரம்) மட்டும் பிரித்துப் பார்க்க நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் உதவும்.

எந்த எண் எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கோல், அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்குக் கொடுத்த பாஸ்) எல்லாக் காலத்துக்கும் உண்டு. கோலை நோக்கி அடித்த ஷாட்களின் எண்ணிக்கை 1959-60 சீசனிலிருந்து இருக்கிறது. வீரர் களத்தில் இருந்த நேரம் 1997-98லிருந்துதான் கிடைக்கும். ஷாட் எங்கிருந்து அடிக்கப்பட்டது என்பது போன்ற நுணுக்கங்கள் 2007-08க்குப் பிறகுதான். வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டன் அணிக்கு ஆடிய ஆண்டுகளுக்கு (1979-88) நிமிடக் கணக்குத் தேடி ஒரு மாலைப் பொழுது முழுவதையும் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எங்கும் கிடைக்காது.

ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு சீசன். பத்திகள்: சீசன், அணி, லீக் ஆட்டம், லீக் பாயின்ட், பிளே-ஆஃப் ஆட்டம், பிளே-ஆஃப் பாயின்ட், எதிர்பார்ப்பு, வித்தியாசம், குறிப்பு. இங்கே பாயின்ட் என்றால் கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்தது. கடைசிக் குறிப்புப் பத்தியை விட்டுவிடாதீர்கள், முடிவில் அதுதான் கைகொடுக்கும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதி வையுங்கள்

மூன்று வெவ்வேறு கேள்விகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த வீரர் தன்னுடைய லீக் சுற்று அளவுக்கு பிளே-ஆஃபில் ஆடினாரா? இரண்டு வீரர்களில் யார் பிளே-ஆஃபில் சிறந்தவர்? அணியின் வெற்றிக்கு யார் அதிகம் காரணம்?

இந்த வழிகாட்டி முதல் கேள்விக்கானது. மற்ற இரண்டுக்கும் வேறு கணக்கு வேண்டும். மரியோ லெமியூ பிளே-ஆஃபில் 107 ஆட்டங்களில் 172 பாயின்ட் எடுத்தவர், ஆட்டத்துக்கு 1.61. லீக் சுற்றில் அவருடைய சராசரி 1.88. "தன் அளவுக்குக் குறைந்தார்" என்று முதல் கேள்விக்குப் பதில் வரும். ஆனாலும் பிளே-ஆஃப் வரலாற்றின் உச்சத்தில் இருப்பவர்களில் அவர் ஒருவர். கேள்வி மாறினால் விடை தலைகீழாகும், அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

2. கேரியர் மொத்தத்தைத் தொடாதீர்கள், சீசன் சீசனாக எடுங்கள்

வீரரின் பக்கத்தைத் திறந்ததும் கடைசி வரியில் மொத்தம் தடித்த எழுத்தில் இருக்கும். கை தானாக அதற்குத்தான் போகும். போகக் கூடாது.

காரணம் எளிது. லீக் சுற்று மொத்தத்தில் வீரரின் எல்லா ஆண்டுகளும் இருக்கின்றன: பத்தொன்பது வயதில் தட்டுத்தடுமாறிய ஆண்டு, முப்பத்தேழு வயதில் நான்காவது வரிசையில் ஆடிய ஆண்டு, எல்லாமே. பிளே-ஆஃப் மொத்தத்திலோ அவர் அணி தகுதி பெற்ற ஆண்டுகள் மட்டுமே. அணி நன்றாக ஆடிய ஆண்டுகள் பல சமயம் அவரும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள். ஆக, இரண்டு வெவ்வேறு வயதுடைய மனிதர்களை ஒப்பிடுகிறோம்.

இந்தப் படியிலேயே இன்னும் சில கவனங்கள். சீசனின் நீளம் எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 1994-95லும் 2012-13லும் 48 ஆட்டங்கள்தான், 2020-21இல் 56. 2019-20 பாதியில் நின்றது. அந்த 2020 ஆகஸ்டில் 24 அணிகளை வைத்து நடத்திய தகுதிச் சுற்றின் எண்களும் பிளே-ஆஃப் கணக்கில்தான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கிரெட்ஸ்கி 1978-79இல் ஆடியது டபிள்யூஹெச்ஏ என்ற வேறொரு லீக்கில், அதைச் சேர்க்க வேண்டாம்.

3. "எத்தனை எடுத்திருக்க வேண்டும்?" என்று கணக்கிடுங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். ஒவ்வொரு சீசனுக்கும் லீக் சுற்று பாயின்டை லீக் ஆட்டங்களால் வகுத்து, அந்த ஆண்டின் பிளே-ஆஃப் ஆட்டங்களால் பெருக்குங்கள். அதுதான் எதிர்பார்ப்பு. எல்லா ஆண்டுகளின் எதிர்பார்ப்பையும் கூட்டி, உண்மையில் எடுத்த பாயின்டோடு ஒப்பிடுங்கள்.

டேனியல் பிரியேரை எடுத்துக்கொள்வோம். பிளே-ஆஃப் வீரர் என்று பெயர் வாங்கியவர். லீக் சுற்றில் 973 ஆட்டங்கள், 696 பாயின்ட், சராசரி 0.72. பிளே-ஆஃபில் 124 ஆட்டங்கள், 116 பாயின்ட், சராசரி 0.94. நேராக வகுத்தால் 1.31. அதாவது பிளே-ஆஃபில் 31 சதவீதம் உயர்ந்தார் என்று தோன்றும். பிரமிப்பான எண். இப்போது சீசன் சீசனாகப் போடுவோம்.

1999-00 ஃபீனிக்ஸ்: லீக் 13 ஆட்டம், 2 பாயின்ட். பிளே-ஆஃப் 1 ஆட்டம். எதிர்பார்ப்பு 0.2, எடுத்தது 0.
2001-02 ஃபீனிக்ஸ்: லீக் 78, 60. பிளே-ஆஃப் 5. எதிர்பார்ப்பு 3.8, எடுத்தது 3.
2005-06 பஃபலோ: லீக் 48, 58. பிளே-ஆஃப் 18. எதிர்பார்ப்பு 21.8, எடுத்தது 19.
2006-07 பஃபலோ: லீக் 81, 95. பிளே-ஆஃப் 16. எதிர்பார்ப்பு 18.8, எடுத்தது 15.
2007-08 பிலடெல்ஃபியா: லீக் 79, 72. பிளே-ஆஃப் 17. எதிர்பார்ப்பு 15.5, எடுத்தது 16.
2008-09 பிலடெல்ஃபியா: லீக் 29, 25. பிளே-ஆஃப் 6. எதிர்பார்ப்பு 5.2, எடுத்தது 4.
2009-10 பிலடெல்ஃபியா: லீக் 75, 53. பிளே-ஆஃப் 23. எதிர்பார்ப்பு 16.3, எடுத்தது 30.
2010-11 பிலடெல்ஃபியா: லீக் 77, 68. பிளே-ஆஃப் 11. எதிர்பார்ப்பு 9.7, எடுத்தது 9.
2011-12 பிலடெல்ஃபியா: லீக் 70, 49. பிளே-ஆஃப் 11. எதிர்பார்ப்பு 7.7, எடுத்தது 13.
2013-14 மான்ட்ரியல்: லீக் 69, 25. பிளே-ஆஃப் 16. எதிர்பார்ப்பு 5.8, எடுத்தது 7.

எதிர்பார்ப்பின் கூட்டுத்தொகை சுமார் 105. எடுத்தது 116. விகிதம் 1.1. முப்பத்தொன்று சதவீதம் பத்துக்கு இறங்கிவிட்டது! அந்தப் பத்தும் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2010ஐ எடுத்துவிட்டால் எதிர்பார்ப்பு 88.5, எடுத்தது 86. மற்ற ஒன்பது ஆண்டுகளிலும் சேர்த்துப் பார்த்தால் பிரியேர் கிட்டத்தட்ட தன் அளவுக்கே ஆடியிருக்கிறார். 2010இல் ஏழாவது இடத்தில் தகுதி பெற்ற பிலடெல்ஃபியா இறுதிச் சுற்று வரை போனபோது அவர் ஆடிய 23 ஆட்டங்கள்தான் அந்தப் பெயரை வாங்கித் தந்தன.

இது அவரைக் குறைத்துச் சொல்வது ஆகாது. அந்த 30 பாயின்ட் நிஜமானது, அந்த மே மாதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் "ஒவ்வொரு பிளே-ஆஃபிலும் உயர்ந்தார்" என்பதும் "ஒரு பிளே-ஆஃபில் விஸ்வரூபம் எடுத்தார்" என்பதும் ஒன்றல்ல.

கிரெட்ஸ்கிக்குப் போட்டுப் பார்த்தால் எண் மறுபக்கம் நகரும். கேரியர் மொத்தத்தில் லீக் சுற்று சராசரி 1.92 (1,487 ஆட்டம், 2,857 பாயின்ட்), பிளே-ஆஃப் 1.84 (208 ஆட்டம், 382 பாயின்ட்). விகிதம் 0.96. கிட்டத்தட்டக் குறையவே இல்லை. ஆனால் அந்த 208 பிளே-ஆஃப் ஆட்டங்களில் 120 எட்மன்டனில், அவர் உச்சத்தில் இருந்தபோது. எட்மன்டனில் லீக் சுற்று சராசரி 2.40, பிளே-ஆஃப் சராசரி 2.10. எட்மன்டன், அதன் பிறகு என்று இரண்டே துண்டாகப் பிரித்தாலும் எதிர்பார்ப்பு 420 ஆகிவிடுகிறது. எடுத்தது 382. விகிதம் 0.91.

4. அடிப்படை எண் நம்பத்தக்கதா என்று பாருங்கள்

எதிர்பார்ப்பு என்பது லீக் சுற்று எண்ணின் நிழல். அந்த எண்ணே ஒரு விபத்தாக இருந்தால் நிழலும் கோணலாகத்தான் விழும்.

1994-95இல் நியூ ஜெர்சியின் குளோட் லெமியூ 45 லீக் ஆட்டங்களில் 6 கோல்தான் அடித்தார். பிளே-ஆஃபில் 20 ஆட்டங்களில் 13 கோல், கான் ஸ்மைத் விருது (பிளே-ஆஃபின் சிறந்த வீரருக்கானது). அந்த ஒரு சீசனை மட்டும் வைத்தால் எதிர்பார்ப்பு 2.7 கோல். ஐந்து மடங்கு உயர்வு! ஆனால் அவர் 6 கோல் வீரர் அல்லவே. அதற்கு முன் 1992-93இல் 30 கோலும் 1993-94இல் 18 கோலும் அடித்தவர். மூன்று சீசனையும் சேர்த்தால் 201 ஆட்டங்களில் 54 கோல். எதிர்பார்ப்பு 5.4. இப்போதும் 13 என்பது அபாரமானதுதான், ஆனால் இரண்டரை மடங்கு.

ஆகவே விதி இது: லீக் ஆட்டங்கள் 60க்குக் கீழே இருந்தாலோ, அந்த ஆண்டு வீரரின் வழக்கத்திலிருந்து மிகவும் விலகியிருந்தாலோ, மூன்று சீசன்களைச் சேர்த்து அடிப்படையாக வையுங்கள். எந்த வீரருக்கு எந்த அடிப்படை என்பதை, பிளே-ஆஃப் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பார்த்த பிறகு முடிவு செய்தால் மனசு தனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடும்.

நிகிடா குச்செரோவ் 2020-21 லீக் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, இடுப்பு அறுவை சிகிச்சை. பிளே-ஆஃபுக்கு நேராக வந்து 23 ஆட்டங்களில் 32 பாயின்ட் எடுத்தார். எதனோடு ஒப்பிடுவது? முந்தைய இரண்டு சீசன்களில் 150 ஆட்டங்கள், 213 பாயின்ட். எதிர்பார்ப்பு 32.7. ஒரு சீசன் முழுக்க ஆடாமல் வந்தவர் தன் வழக்கமான அளவைக் கிட்டத்தட்ட அப்படியே தொட்டிருக்கிறார். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

5. வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

புதியவர்கள் இந்தப் படியைத்தான் முழுதாக விட்டுவிடுகிறார்கள். ஏழு ஆட்டம் ஆடிய ஒருவரின் சராசரியையும் எழுபது ஆட்டம் ஆடியவரின் சராசரியையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள்.

எளிய வழி இருக்கிறது. எதிர்பார்ப்பின் வர்க்கமூலத்தை எடுங்கள். அதுதான் ஏற்ற இறக்க அளவு. உண்மையான எண் எதிர்பார்ப்பிலிருந்து ஓர் அளவுக்குள் விலகியிருந்தால் அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு அளவுக்குள் என்றால் சொல்லும்படி எதுவும் இல்லை. இரண்டைத் தாண்டினால் கவனியுங்கள், மூன்றைத் தாண்டினால் வாய்விட்டுச் சொல்லலாம்.

2021இல் டொரண்டோ 3-1 என்று முன்னிலையில் இருந்தும் மான்ட்ரியலிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றது. ஆஸ்டன் மேத்யூஸ் அந்த லீக் சுற்றில் 52 ஆட்டங்களில் 66 பாயின்ட் எடுத்தவர். ஏழு ஆட்டங்களில் எதிர்பார்ப்பு 8.9, அதன் வர்க்கமூலம் 3. எடுத்தது 5. விலகல் 1.3 அளவு. மிட்ச் மார்னருக்கு எதிர்பார்ப்பு 8.5, எடுத்தது 4. விலகல் 1.5 அளவு. டொரண்டோவில் அந்த வாரம் எவ்வளவு வேதனை இருந்தது என்பது அங்கே சொந்தக்காரர்கள் இருக்கும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஏழு ஆட்டங்களை மட்டும் வைத்து "பிளே-ஆஃபில் ஆட முடியாதவர்கள்" என்று தீர்ப்பு எழுத எண் இடம் தரவில்லை.

அதே போலத்தான் 2019. குச்செரோவ் 128 பாயின்ட் எடுத்த சீசன், 62 வெற்றி பெற்ற அவருடைய டம்பா பே அணி முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அவர் ஆடியது மூன்றே ஆட்டம், 2 பாயின்ட். எதிர்பார்ப்பு 4.7. மூன்று ஆட்டத்தில் எதையும் நிரூபிக்க முடியாது.

பிரியேரின் 2010ஐ இதில் போட்டால் விலகல் 3.4 அளவு. குளோட் லெமியூவின் 1995, மூன்று சீசன் அடிப்படையில், 3.3 அளவு. லியோன் டிரைசைட்ல் 2022இல் 16 ஆட்டங்களில் 32 பாயின்ட் எடுத்தார், எதிர்பார்ப்பு 22, விலகல் 2.1 அளவு. இவை பேசத்தக்கவை. பிரியேரின் மொத்த பிளே-ஆஃப் வாழ்க்கையை எடுத்தாலோ 105க்கு 116, விலகல் ஓர் அளவைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. பாயின்ட்கள் தனித்தனியாக வருவதில்லை, ஒரே ஆட்டத்தில் நான்கு வந்து அடுத்த மூன்றில் ஒன்றுமில்லாமல் போகும். அதனால் நிஜமான ஏற்ற இறக்கம் வர்க்கமூலம் காட்டுவதைவிடக் கொஞ்சம் பெரியது. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பத்து பிளே-ஆஃபில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் அது பெரிதாகத்தான் தெரியும். பொறுக்கி எடுத்தேன் என்பதைக் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள்.

6. ஆட்டக் கணக்கை நிமிடக் கணக்காக மாற்றுங்கள்

1997-98க்குப் பிந்தைய வீரர் என்றால் மட்டும் இந்தப் படி. பாயின்டை களத்தில் இருந்த நிமிடங்களால் வகுத்து 60ஆல் பெருக்கினால், அறுபது நிமிடத்துக்கு எத்தனை என்பது கிடைக்கும்.

ஏன் வேண்டும்? லீக் சுற்றில் ஆட்டம் சமனானால் ஐந்து நிமிட ஓவர்டைம், பிறகு ஷூட்-அவுட். பிளே-ஆஃபில் ஷூட்-அவுட் கிடையாது. யாராவது கோல் அடிக்கும் வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று டம்பா பேவும் கொலம்பஸும் ஐந்தாவது ஓவர்டைம் வரை போனார்கள். டம்பா பே வீரர் பிரேடன் பாயின்ட் கோல் அடித்து முடித்தபோது 150 நிமிடம் 27 விநாடி ஆகியிருந்தது. கொலம்பஸின் சேத் ஜோன்ஸ் மட்டும் 65 நிமிடம் 6 விநாடி களத்தில் இருந்தார். உங்கள் ஷீட்டில் அது "1 ஆட்டம்" என்று இருக்கும். உண்மையில் இரண்டரை ஆட்டம்.

பயிற்சியாளர்களும் பிளே-ஆஃபில் நட்சத்திரங்களை அதிக நேரம் இறக்குவார்கள். எனவே ஆட்டச் சராசரி அப்படியே இருந்தாலும் நிமிடச் சராசரி குறைந்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இதில் ஒரு சின்னப் பொறி. 2015-16 முதல் லீக் சுற்று ஓவர்டைமில் மூவருக்கு மூவர்தான். அந்தத் திறந்த பனியில் வேகமான நட்சத்திரங்களுக்கு பாயின்ட் எளிது, பிளே-ஆஃபில் அந்த வாய்ப்பே கிடையாது. மூவருக்கு மூவரில் வந்த பாயின்ட்களை லீக் எண்ணிலிருந்து கழித்துவிடுவது நியாயம். ஷூட்-அவுட் கோல்கள் வீரரின் கணக்கில் ஏற்கெனவே சேராது, அதைக் கழிக்கப் போய் இரட்டைப் பிழை செய்ய வேண்டாம்.

7. கோல் குறைந்தால் ஷாட் குறைந்ததா என்று பாருங்கள்

2014இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் இறுதிச் சுற்று வரை போனது. ரிக் நாஷ் 25 பிளே-ஆஃப் ஆட்டங்களில் 3 கோல். அதே சீசன் லீக் சுற்றில் 65 ஆட்டங்களில் 26 கோல் அடித்தவர். எதிர்பார்ப்பு 10.

ஆனால் அந்த 25 ஆட்டங்களில் அவர் அடித்த ஷாட் 83. ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல். பதுங்கியவர் அப்படி அடிக்க மாட்டார். ஷாட்டில் நூற்றுக்குப் பத்து உள்ளே போவது அவரைப் போன்ற முன்கள வீரருக்கு இயல்பு, இங்கே நூற்றுக்கு நான்குகூடப் போகவில்லை.

கோல் குறைந்து ஷாட் குறையவில்லை என்றால், பந்தயத்தில் அவர் இருந்தார், பக் (ஆடும் வட்டு) உள்ளே போகவில்லை. கோலும் குறைந்து ஷாட்டும் குறைந்தால், எதிரணி அவரை இடத்துக்கே விடவில்லை, அல்லது உடம்பில் ஏதோ கோளாறு. இரண்டுக்கும் குறிப்புப் பத்தியில் வெவ்வேறு வார்த்தை எழுத வேண்டும்.

8. எதிரணியையும் பவர் பிளேயையும் கணக்கில் எடுங்கள்

லீக் சுற்றில் கடைசி இடத்து அணியும் வரும், இரண்டாம் நிலை கோல்கீப்பரும் வருவார். பிளே-ஆஃபில் ஒரே எதிரணி, ஒரே முதல்தர கோல்கீப்பர், ஏழு ஆட்டம் வரை. உள்ளூர் அணியின் பயிற்சியாளருக்கு ஆள் மாற்றத்தில் கடைசி வாய்ப்பு உண்டு, அதை வைத்து நட்சத்திரத்துக்கு எதிராகத் தன் சிறந்த தடுப்பு வரிசையையே இறக்குவார். 2021இல் மேத்யூஸை ஆட்டத்துக்கு ஆட்டம் எதிர்கொண்டது ஃபிலிப் டனோவின் வரிசை.

திருத்தும் வழி: எதிரணி லீக் சுற்றில் ஆட்டத்துக்குச் சராசரியாக வாங்கிய கோலை, லீக் சராசரியால் வகுங்கள். உதாரணத்துக்கு லீக் சராசரி 3.0, எதிரணி 2.7 என்றால் 0.9. அந்தத் தொடரின் எதிர்பார்ப்பை 0.9ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியாக.

காலமும் முக்கியம். 1979-80 முதல் 1990-91 வரை 21 அணிகளில் 16 பிளே-ஆஃபுக்குப் போயின. இன்று 32இல் 16. கிரெட்ஸ்கி காலத்தில் முதல் சுற்றில் சுமாரான அணிகளும் வந்தன, இன்று அந்தச் சலுகை குறைவு. இரண்டு தலைமுறை வீரர்களின் விகிதத்தைத் திருத்தாமல் பக்கத்தில் வைப்பது சரியல்ல.

பவர் பிளே (எதிரணி வீரர் தண்டனையால் வெளியே இருக்க, ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரம்) பாயின்ட்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஐவருக்கு ஐவரில் ஒருவர் தன் அளவுக்கே ஆடியிருப்பார், பவர் பிளே வாய்ப்பு குறைந்ததால் மொத்தம் சரிந்திருக்கும். நடுவர் விசில் அவர் கையில் இல்லை.

9. சக நட்சத்திரங்களோடு ஒரு சரிபார்ப்பு

அதே பிளே-ஆஃபில் ஆடிய, லீக் சுற்றின் முன்னணி வீரர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு மூன்றாம் படியை மட்டும் செய்யுங்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு விகிதம் 1க்குக் கீழேதான் வரும். கானர் மெக்டேவிட் 2024இல் 25 ஆட்டங்களில் 42 பாயின்ட் எடுத்து, தோற்ற அணியில் இருந்தபடியே கான் ஸ்மைத் வாங்கினார். 34 அசிஸ்ட், பிளே-ஆஃப் சாதனை. அவருக்கே விகிதம் 0.97தான் (லீக் சுற்றில் 76 ஆட்டம், 132 பாயின்ட்).

இதற்கு எதிரணியின் பலம் மட்டும் காரணமல்ல. லீக் சுற்றில் முதலிடத்தில் வந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே வர, திறமையோடு அந்த ஆண்டு கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த இருபது ஆட்டங்களில் அந்த அதிர்ஷ்டப் பகுதி கரையும். அதனால் 0.9 என்பது நட்சத்திரத்துக்குத் தோல்வி அல்ல, இயல்பு.

எட்டாம் படியில் எதிரணித் திருத்தம் செய்துவிட்டால், இந்தச் சக வீரர் விகிதத்தால் மறுபடி வகுக்காதீர்கள். ஒரே காரணத்துக்கு இரண்டு முறை சலுகை கொடுத்தது போலாகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

10. கோல்கீப்பருக்கு வேறு ஷீட்

வெற்றி தோல்வியை வைத்து கோல்கீப்பரை அளக்காதீர்கள். ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் பிளே-ஆஃபில் 61 வெற்றி, 67 தோல்வி. பார்ப்பவர் சொதப்பினார் என்பார். சேவ் விகிதமோ (வந்த ஷாட்களில் தடுத்தவற்றின் பங்கு) லீக் சுற்றில் .918, பிளே-ஆஃபில் .921. தன் அளவைவிடக் கூடுதலாகவே தடுத்திருக்கிறார், முன்னால் இருந்தவர்கள் கோல் அடிக்கவில்லை.

கணக்கு அதேதான், பாயின்டுக்குப் பதில் வாங்கிய கோல். ஜோனதன் குயிக், 2012, லாஸ் ஏஞ்சலஸ். லீக் சுற்றில் .929. பிளே-ஆஃபில் 20 ஆட்டங்களில் சுமார் 540 ஷாட். .929 என்றால் 38 கோல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது 29. ஒன்பது கோலைக் காப்பாற்றியிருக்கிறார், அந்த ஒன்பதில் ஒரு கோப்பையே அடங்கியிருக்கிறது. ஆனாலும் 38இன் வர்க்கமூலம் 6.2. விலகல் ஒன்றரை அளவு! இவ்வளவு புகழ்பெற்ற ஓட்டமே இப்படி என்றால், ஐந்து ஆட்டத்தில் .890 வாங்கிய கோல்கீப்பரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

11. முடிவை எழுதுவது, பிறகு ஜூனில் திரும்பிப் பார்ப்பது

முடிவில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எதிர்பார்ப்பு, எடுத்தது, எத்தனை அளவு விலகல், எந்த அடிப்படை. "பிரியேர், 2010: எதிர்பார்ப்பு 16, எடுத்தது 30, விலகல் 3.4 அளவு, அதே சீசன் அடிப்படை, பத்து பிளே-ஆஃபில் பொறுக்கி எடுத்தது." இப்படி எழுதினால் எதிர்த்துப் பேசுபவர்கூட எந்தப் படியில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்ல முடியும்.

காயம் பற்றிய குறிப்பை மட்டும் உடனே எழுத முடியாது. பிளே-ஆஃப் நடக்கும்போது அணிகள் "மேல் உடம்பில் காயம்", "கீழ் உடம்பில் காயம்" என்பதற்கு மேல் வாய் திறக்காது. அணி வெளியேறிய பிறகுதான் உண்மை வரும். 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டனின் பேட்ரிஸ் பெர்ஜெரான் உடைந்த விலா எலும்போடும் துளைபட்ட நுரையீரலோடும் ஆடியது ஆட்டம் முடிந்த பிறகே தெரிந்தது. அதனால் இறுதிச் சுற்று முடிந்து ஒரு வாரம் கழித்து ஷீட்டை மறுபடி திறந்து, ஒவ்வொரு வீரரின் குறிப்புப் பத்தியையும் நிரப்புங்கள். எண்களை மாற்ற வேண்டாம், குறிப்பை மட்டும்.